27 யார்டு குறைந்ததால் பெருமை குறையுமா?

கேள்வி: மகள் அமெரிக்காவில் படிக்கப் போனதிலிருந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய காற்பந்தைப் பார்க்கப் பழகிவிட்டேன். 2024 சீசனில் போய்சி ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்காக ஆஷ்டன் ஜென்டி ஓடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை டிராவிஸ் ஹண்டருக்குப் போய்விட்டது. ஒரே சீசனில் மிக அதிக யார்டு ஓடிய பேரி சாண்டர்ஸின் சாதனையும் 27 யார்டில் கைநழுவியது. கல்லூரிக் காற்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது புகழ்பெற்றவர்களுக்கான மண்டபத்தில், ஜென்டிக்கு இடம் உண்டா? (வாசகர், ஈசூன்)

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் என்பேன். அந்த 27 யார்டு என்னையும் உறுத்தியது. சீசன் இறுதியில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றாக, அங்கே டிசம்பர் 31 இரவு நடந்த ஃபியெஸ்டா பவுல் ஆட்டம், நமக்குப் புத்தாண்டு காலை எட்டரை மணி. பிடோக் வீட்டுக் கூடத்தில் நானும் பேத்தியும் உட்கார்ந்தோம். முடிந்துபோன ஆண்டின் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஜென்டி எடுத்த ஒவ்வொரு யார்டையும் அவள் எழுதிக்கொண்டே வந்தாள். சாதனையை முறியடிக்க அந்த ஆட்டத்தில் 132 யார்டு வேண்டும். எதிரணியான பென் ஸ்டேட்டின் தடுப்பாட்டக்காரர்கள் அவரை விடவே இல்லை. 30 முறை பந்தை வாங்கியும் 104 யார்டுதான் கிடைத்தது. அணியும் 31-14 என்று தோற்றது. பேத்தி கூட்டிப் பார்த்து, “தாத்தா, 2,601” என்றாள். கோப்பி ஆறிப்போயிருந்தது.

இந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால்தான் பந்து கையில் தங்கும். தடுக்க வருபவர்களின் நடுவே பந்தைக் கொண்டுபோவதே ரன்னிங் பேக்கின் வேலை. அந்தச் சீசனில் ஜென்டி 374 முறை ஓடினார். சராசரியாக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏறக்குறைய ஏழு யார்டு! ஆட்டம் தொடங்கும்வரை குனியாமல் நிமிர்ந்து, கையைத் தொங்கவிட்டபடி நிற்பாரே, அந்த நிதானத்துக்கே நான் ரசிகன். அணி வெகுதூரம் முன்னிலை பெற்ற சில ஆட்டங்களில் பிற்பாதியில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் அந்த 27 யார்டு எப்போதோ வந்திருக்கும்.

அதே சமயம் சாண்டர்ஸுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1988-ல் ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்கு அவர் எடுத்த 2,628 யார்டு 11 ஆட்டங்களில் வந்தது. ஜென்டிக்கு 14 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வகுத்தால் சாண்டர்ஸுக்கு 239, ஜென்டிக்கு 186. இன்னொன்றும் உண்டு. பவுல் ஆட்டங்களின் கணக்கை 2002-லிருந்துதான் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ சேர்த்துக்கொள்கிறது. அதனால் ஹாலிடே பவுலில் சாண்டர்ஸ் ஓடிய 222 யார்டு ஏட்டில் ஏறவே இல்லை. அதையும் கூட்டினால் 2,850. என் மனத்தில் சாதனை அதுதான்.

நம் வாசகர்களுக்காக ஒரு செய்தி. மார்கஸ் ஆலனின் பழைய சாதனையை சாண்டர்ஸ் முறியடித்தது அமெரிக்காவில் இல்லை, தோக்கியோவில். டெக்சஸ் டெக் அணியுடன் அங்கே நடந்த ஆட்டத்தில் 332 யார்டு ஓடினார். ஹைஸ்மன் கோப்பை தனக்குத்தான் என்ற செய்தியும் தோக்கியோவில்தான் அவருக்குக் கிடைத்தது.

சரி, சாண்டர்ஸ் மேலே என்றால் ஜென்டி கீழே என்று ஆகிவிடுமா? நம் சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளனை நினைத்துப் பாருங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். 33 ஆண்டு கழித்து, 2001-ல், யு. கே. ஷியாம் 10.37-ல் ஓடி அந்தத் தேசிய சாதனையை முறியடித்தார். நூறில் ஒரு விநாடி. அதனால் குணாளன் மீது நமக்கிருக்கும் மரியாதை ஒரு துளியாவது குறைந்ததா? அன்று ஷியாமுக்கு 10.39 ஆகியிருந்தால், அவர் நல்ல ஓட்டக்காரர் இல்லை என்று சொல்லியிருப்போமா? உடற்கல்வி ஆசிரியராக நிறுத்துக்கடிகாரத்தோடு வாழ்ந்தவன் நான். ஒருவர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதைக் கடிகாரம் சொல்லும். அவர் எப்படிப்பட்ட ஓட்டக்காரர் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜென்டியை ஒரு சீசன் முழுக்கப் பார்த்துவிட்டோம்.

கேள்வி: இந்த ஹால் ஆஃப் ஃபேமுக்கு யாரை, எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: அட்லாண்டாவில் இருக்கிறது. கல்லூரியில் ஆடிய காலத்தில் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலான முதல் நிலை ஆல் அமெரிக்கன் அணியில் ஒரு முறையாவது இடம் பெற்றிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. அது இல்லாததால், தொழில்முறை ஆட்டத்தில் மாமன்னராக இருந்த ஜோ மான்டானாவுக்கே இங்கே இடமில்லை. எனக்கு இது கடுமையான விதியாகத்தான் படுகிறது, ஆனால் ஜென்டி அதை 2024-லேயே தாண்டிவிட்டார். சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருதும் அவருக்குத்தான். அப்புறம், கல்லூரி ஆட்டம் முடிந்து பத்து ஆண்டு கழிய வேண்டும், தொழில்முறை ஆட்டத்திலிருந்தும் விலகியிருக்க வேண்டும். ஆகவே ஈசூன் வாசகர் இன்னும் பல ஆண்டு பொறுத்திருக்க வேண்டும். சாண்டர்ஸே 1988-ல் ஆடி, 2003-ல்தான் உள்ளே போனார்.

கேள்வி: பதின்மூன்று வயது மகன் இந்த ஆட்டம் ஆட வேண்டும் என்கிறான். வகுப்பிலேயே குள்ளம் அவன். சரிப்படுமா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: தாராளமாக ஆடட்டும், அம்மா. சாண்டர்ஸின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தான். அந்த ஆட்டக்காரர்கள் நடுவே அது குள்ளம். முட்டி மோதும் ஆட்டம் இப்போது வேண்டாம். இடுப்பில் செருகிய கொடியைப் பறிக்கும் ஃபிளாக் ஃபுட்பாலில் தொடங்கட்டும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அதுவும் இருக்கிறது. முதல் நாளே ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: ஓடும்போது பந்து எல்லைக்கோட்டுப் பக்கக் கையில், விலாவோடு ஒட்டி இருக்க வேண்டும்.