வாசகர் கேள்வி: கேரவன் இழுக்க எந்தக் கார்?

ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நிற்கிறதே, அந்தக் கேரவன் இன்ஜினோடு வருவது. இங்கே பேச்சு காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவனைப் பற்றி. இந்த மாதம் நான்கு பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். இப்போது எர்டிகா பெட்ரோல் இருக்கிறது. திருச்செங்கோட்டில் ஒரு பாடி பட்டறையில் ஒற்றை ஆக்சில் கேரவன் கட்டித் தருகிறேன் என்கிறார்கள். காலி எடை 850 கிலோ வருமாம். எர்டிகாவே இழுக்குமுங்களா? இல்லை, இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி 700 மூன்றில் ஒன்றைப் பார்க்கணுமா? ஊட்டி, வால்பாறை போகணும்னு ஆசை. — பொள்ளாச்சி வாசகர்

பதில்: காரை அப்புறம் பார்ப்போம். முதலில் எடையைப் பார்க்கணும். 850 கிலோ என்பது பட்டறையை விட்டு வெளியே வரும்போது இருக்கும் எடை. 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் பெரிய ட்யூபுலர் பேட்டரி சுமார் 55 கிலோ. அடுப்பு, சிறிய சிலிண்டர், மெத்தை, பாத்திரம், மடக்கு நாற்காலி, துணிமணி எல்லாம் சேர்ந்து 95 கிலோவுக்குக் குறையாது. ஆக 1,060 கிலோ. பட்டறைக்காரர் சொன்ன கணக்கை நம்பாமல், எல்லாச் சாமானையும் ஏற்றி, எடை மேடையில் நிறுத்தி, சீட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் கொப்பரை லோடு ஏறும் எடை மேடையே போதும்.

பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: லோடு ஏற்றிய கேரவன், காரின் காலி எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காரின் காலி எடை ஆர்.சி.யிலேயே இருக்கும். எர்டிகா 1,200 கிலோவை ஒட்டி வரும். அதில் 85 சதவீதம் 1,020. உங்கள் கேரவன் அங்கேயே மிஞ்சிவிட்டது. போதாக்குறைக்கு அது டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், 137 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் திருகு விசை). டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீதம் பலம் இழக்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். எர்டிகாவை விட்டுவிடுங்கள்.

அடுத்தது முன்பாரம். மாட்டு வண்டியில் லோடு ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்பாரமானால் நுகம் மேலே தூக்கும், முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அமுக்கும். கேரவனிலும் அதேதான். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். 1,060 கிலோவுக்கு 53 முதல் 74 கிலோ. சமதளத்தில் கேரவனை நிறுத்தி, கொக்கியில் மாட்டும் கேரவனின் முன்முனைக்கு அடியில் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் கீழே குளியலறை எடை மெஷினை வைத்தால் கணக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த எடையைத் தாங்க காரின் டோ பாருக்கும் (கொக்கியைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம்) அனுமதி இருக்க வேண்டும்.

இந்த 70 கிலோ காருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். கிரிஸ்டாவின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம், 2,750 மில்லிமீட்டர். கொக்கி பின் ஆக்சிலுக்கு 1,100 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரத்தில் 70 அல்ல, 98 கிலோ ஏறும். முன் சக்கரத்திலிருந்து 28 கிலோ குறையும். ஏற்றம் ஏறும்போது பாரம் இன்னும் பின்னுக்குச் சாயும். முன் சக்கரம் இழுக்கும் காரானால், இழுக்கிற சக்கரமே லேசாகிவிடும். மழை நனைத்த கொண்டை ஊசி வளைவில் முன் டயர் வழுக்கிச் சுற்றுவது இதனால்தான். எக்ஸ்யூவி 700 டீசலின் இன்ஜினில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அது தனி சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) இல்லாத, முன் சக்கரம் இழுக்கும் வண்டி. நாலு வீலும் இழுக்கும் மாடலானால் அதையும் பார்க்கலாம். இல்லையென்றால் எனக்கு மனசு வராது.

கிரிஸ்டா, ஸ்கார்பியோ-என் இரண்டுக்கும் தனி சேசிஸ், பின் சக்கர இழுப்பு. கிரிஸ்டா டீசல் மேனுவலில் 343 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,400 ஆர்.பி.எம்.மிலேயே முழுசாகக் கிடைக்கும். காலி எடை 1,800 கிலோவை ஒட்டி, ஆகவே 85 சதவீதக் கணக்கில் 1,530 வரை இடமிருக்கிறது. ஸ்கார்பியோ-என் 175 குதிரைத்திறன் டீசலில் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக்கு 400. ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு லாபமும் உண்டு: வளைவில் நின்று மறுபடி எடுக்கும்போது கிளட்ச் கருகும் வாசனை வராது. ஐந்து பேருக்கு வசதியான கடைசி வரிசையும் சாமான் இடமும் வேண்டுமென்றால் கிரிஸ்டா. ஏற்றம்தான் முக்கியமென்றால் ஸ்கார்பியோ-என் ஆட்டோமேட்டிக். எதை வாங்குவதானாலும் கையேட்டில் டிரெய்லர் இழுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். இழுக்கக் கூடாது என்று இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய வேலை. கார், ஆள், கேரவன் எல்லாம் சேர்த்து 3,260 கிலோ என்றால், ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறங்குவதில் வெளிப்படும் சக்தி கரண்ட் கணக்கில் 17 யூனிட். காற்றும் டயரும் இன்ஜினும் தின்றது போக மீதியெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும். ஆகவே கேரவனுக்குச் சொந்த பிரேக் வேண்டும். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டினாலே அது கட்டாயம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வால்பாறைப் பாதையில் 40 கொண்டை ஊசி. அதற்கு ஆழியாறு அடிவாரத்திலேயே கேரவனை விட்டுவிட்டு காரில் மட்டும் ஏறுவது புத்திசாலித்தனம்.

கேள்வி: உடுமலை–பல்லடம் ரோட்டில் 75 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கேரவன் பாம்பு மாதிரி ஆடுகிறது. பஸ் முந்தினால் இன்னும் மோசம். — தாராபுரம் வாசகர்

பதில்: காற்றாலை நட்டிருக்கும் இடத்தில் காற்று இல்லாமல் இருக்குமா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் கேரவனின் பக்கவாட்டுப் பலகையில் நேராக மோதும். ஆனால் காற்று ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். அதை வளர்ப்பது பின்பாரம். உங்கள் தண்ணீர் டேங்க் பின் கோடியில் இருக்கிறதா, சைக்கிளைப் பின்னால் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கனமானதெல்லாம் ஆக்சிலுக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி இருக்கணும். கேரவன் டயரில் காற்று குறைந்தாலும் இதே ஆட்டம் வரும்.

ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்த்துத் திருப்பாதீர்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகம் கூட்டி நேராக்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். அந்தக் காற்றில் 60-க்கு மேல் வேண்டாம்.

கேள்வி: திம்பம் வளைவில் ரிவர்ஸ் எடுத்தால் கேரவன் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது. பட்டறையில் பிரேக்கைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள். — சத்தியமங்கலம் வாசகர்

பதில்: கழற்றாதீர்கள். உங்களுடையது ஓவர்ரன் பிரேக்: கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் நெட்டும், அந்த நெட்டு ராடைத் தள்ளி பிரேக்கைப் பிடிக்க வைக்கும். ரிவர்ஸிலும் அதே நெட்டுதான் நடக்கிறது. பழைய வகையில் கொக்கிக்கு அருகே ஒரு லாக் இருக்கும். ரிவர்ஸுக்கு முன் போட்டு, முடிந்ததும் எடுக்கணும். மறந்து போட்டபடியே 27 வளைவும் இறங்கினால் கேரவனுக்கு பிரேக்கே கிடையாது. புதிய வகையில் பிரேக் டிரம்மே ரிவர்ஸைக் கண்டு தானாக விடுவித்துக்கொள்ளும். அதற்கு மாற்றிக்கொள்வது நல்லது. இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங்கிலும் இந்த பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். நடுநடுவே ஓரம் கட்டி கேரவன் சக்கரத்தின் நடுப்பகுதி (ஹப்) பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், அனல் தெரிந்தால் அரை மணி நேரம் நிறுத்துங்கள்.

கேள்வி: இண்டிகேட்டர் போட்டால் கேரவனின் பின் லைட் எல்லாம் சேர்ந்து மினுக்குகிறது. எலெக்ட்ரீஷியன் இரண்டு முறை பார்த்துவிட்டார். — ஈரோடு வாசகி

பதில்: எர்த் போய்ச் சேரவில்லைங்க. காரையும் கேரவனையும் இணைக்கும் ஐரோப்பிய முறை ஏழு முள் சாக்கெட்டில் எர்த் வெள்ளை வயர், மூன்றாம் முள். நம் ஊர்ப் பட்டறையில் பழக்கதோஷத்தில் கறுப்பை எர்த்தாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே கறுப்பு இடது பின் லைட். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, பழுப்பு வலது பின் லைட், சிவப்பு பிரேக் லைட், நீலம் ஃபாக் லைட். வெள்ளை வயரின் இரு முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்து, பெயிண்ட் இல்லாத இரும்பில் இறுக்குங்கள். புதிய காரானால் அதன் லைட் வயரில் நேரடியாக ஒட்டுப் போடாமல், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தனி ரிலே மாட்யூல் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கொக்கியின் பந்து 50 மில்லிமீட்டரா, இரண்டு அங்குலமா என்று பாருங்கள். இரண்டு அங்குலம் என்றால் 50.8. அந்தப் பந்தின் மேல் 50-க்குச் செய்த கப்ளர் (பந்தை மூடிப் பிடிக்கும் கேரவன் பக்கக் கிண்ணம்) உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் லாக் முழுசாக விழாது.