பெட்டியைத் திறந்தால் பழைய பதிப்பு

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நண்பர்களோடு, பகடை உருட்டிக் கதை நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறான். பிறந்தநாளுக்கு அதன் விதிநூலான ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ கேட்டான், ஆன்லைனில் வாங்கினேன். வந்தது 2014 புத்தகமாம், அவர்கள் ஆடுவது 2024 விதிகளாம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்கிறாள் தங்கை. கடைக்காரரோ முடியாது என்கிறார். இதற்கிடையே அந்த உலகத்து நாவல்களும் வேண்டுமாம். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கை சொல்லும் சட்டம் இருக்கிறது, ஆனால் உங்கள் பார்சலுக்கு அது செல்லாது. 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவில், ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கு ஏழு நாள் அவகாசம் தருகிறது. அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு சிலவற்றுக்கு அந்த அவகாசம் இல்லை என்கிறது. ஏலத்தில் எடுத்தவை, செய்தித்தாள், பத்திரிகை, புத்தகம் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. விளையாட்டுக்கு வாங்கினாலும் விதிநூல் புத்தகம்தானே! பகடை மட்டும் வாங்கியிருந்தால் கதை வேறு.

அதற்காகக் கடைக்காரரை விட்டுவிட வேண்டியதில்லை. நீங்கள் ஆர்டர் செய்த பக்கத்தைத் திறந்து பாருங்கள், இன்றே படமும் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு புத்தகத்துக்கும் பெயர் ஒன்றே, குழப்பமே அங்கேதான். 2014 அட்டையில் நெருப்பு அரக்கன் இருப்பான், 320 பக்கம். 2024 அட்டையில் வீரர்களுக்குப் பின்னால் பொன்னிற டிராகன், 384 பக்கம்.

பக்கத்தில் டிராகனைக் காட்டிவிட்டு அரக்கனை அனுப்பியிருந்தால், சொன்ன பொருளைத் தரவில்லை என்று அர்த்தம். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். எந்தப் பதிப்பு என்று தெரியும்படி எதையுமே சொல்லாமல் விற்றிருந்தாலும் வழி உண்டு: முதலில் சொன்ன 2002 சட்டத்தின் 43ஆம் பிரிவு பொருளின் முக்கிய விவரத்தைத் தரச் சொல்கிறது, தராவிட்டால் கையில் வந்த 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அப்போது திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. எதையும் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், போனில் பேசியது காற்றோடு போகும். மசியவில்லையென்றால் நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அங்கே கட்டணம் இல்லை.

‘2014’ என்று தெளிவாகவே போட்டிருந்து நீங்கள் கவனிக்கவில்லையா? பிறகு அவர் மனம் வைத்தால்தான்.

அப்படியானால் அழ வேண்டாம், அம்மா. 2024 விதிகளின் அடிப்படைப் பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பையன் ஆடத் தொடங்க அது போதும். இன்னொன்று: மூன்று விதிநூலையும் மொத்தமாக உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆடுகிறவனுக்கு ஒன்றே போதும். மற்ற இரண்டும் கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டருக்கு. நம் நாட்டில் புத்தகத்துக்கும் 15 சதவீத வாட் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாவலில் இந்தத் தொல்லையே கிடையாது. விதி எத்தனை முறை மாறினாலும் கதை பழசாகாது, ஆகவே தைரியமாகப் பழைய பிரதி வாங்குங்கள். எட் கிரீன்வுட் உருவாக்கிய ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில், டிரிஸ்ட் என்ற நாயகனைப் பற்றி ஆர். ஏ. சால்வடோர் எழுதிய கதைகள்தான் பையன்களுக்குப் பிடிக்கும். எழுதிய வரிசைப்படி முதலில் வருவது 1988இல் வெளியான ‘தி கிரிஸ்டல் ஷார்ட்’. கதை வரிசையில் முன்னால் நிற்பது 1990இல் வந்த ‘ஹோம்லேண்ட்’. நான் ‘ஹோம்லேண்ட்’ பக்கம். நாயகன் பிறந்த பாதாள நகரத்திலிருந்தே தொடங்குவதால் முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. விலை மலிவு என்று தொடரின் மூன்றாம் பாகத்தை மட்டும் தூக்கி வராதீர்கள், பழைய புத்தகக் கடைகளில் அதுதான் தனியாகக் கிடந்து கண்ணடிக்கும்.

பகடையும் வாங்குவீர்கள், ஒரு செட்டில் ஏழு இருக்கும். அதில் நாலு முகப் பகடை சின்னப் பிரமிடு மாதிரி, கூர் மேலே நிற்கும். ராத்திரி விளக்கைப் போடாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள். என் குதிகால் பட்ட பாடு எனக்குத் தெரியும்.