மென்பொருள் திட்டத்தின் இடர்ப் பட்டியலில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

முதல் முறையாகத் திட்டத் தலைமை ஏற்றிருக்கிறேன், இடர்ப் பட்டியல் தயாரிக்கச் சொல்கிறார்கள், எந்தக் காரணிகளை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆள் பாதியில் வேலையை விட்டுப் போவது, வாடிக்கையாளர் தேவையை மாற்றிக்கொண்டே இருப்பது, பழகாத தொழில்நுட்பம், நெருக்கமான கெடு. இவற்றை நான் சொல்லாமலே எழுதியிருப்பீர்கள். எழுதுங்கள், தவறில்லை. ஆனால் பதினெட்டு ஆண்டுகளில் என்னைக் கவிழ்த்தவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருந்ததே இல்லை. “அதுதான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே” என்று சொல்லித் தாண்டிப்போன இடங்களில்தான் அடி விழுந்தது.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை. திரை வடிவமைப்புக்கு மூன்று வாரம் ஒதுக்கினோம். “பழைய தரவை மாற்றுதல்” என்ற வரிக்கு எதிரே 3 நாள். அந்த மூன்றை எழுதியவன் நான்தான். எக்செல் கோப்புகளில் பெயர்கள் பளிச்சென்று தெரிந்தன. எழுத்துரு விவரம் எதுவும் நிற்காத வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி-யாக ஏற்றுமதி செய்ததும் எழுத்துருவின் பெயர் உதிர்ந்துபோய், பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாக நின்றன. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை அவை. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளிதான்.

சரி, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற ஒரு நிரல் எழுதினால் போயிற்று என்று நினைத்தோம். பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டுவார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். இதைக் கவனிக்காமல் ஓட்டியதில் தமிழ்ச்செல்வியின் நடுவே கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தொங்கியது. அதைச் சரிசெய்தோம். முதல் சில ஆயிரம் பெயர்கள் அழகாக வந்தன, அதன்பின் வெறும் குப்பை. நடுவில் அலுவலகத்தில் ஆள் மாறியிருக்கிறார், வந்தவர் வேறோர் எழுத்துருவில் பழகியவர். 3 நாள் வேலை 7 வாரம் இழுத்தது. தொடக்கத்தில் நாங்கள் பார்த்த ஐம்பது மாதிரிப் பெயர்களும் முதல் பக்கத்திலிருந்து எடுத்தவை!

நம் நஷ்டம் 7 வாரத்தோடு போயிற்று. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து முதல் முறையாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் வானில் சிதறியது. ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய திசையறியும் மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் அளவுள்ள எண்ணை அதைவிடச் சிறிய 16 பிட் இடத்துக்குள் திணிக்கும் ஓரிடத்தில் எண் கொள்ளவில்லை. மாற்றுக்கென்று வைத்திருந்த கணினியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் அதே காரணத்தால் படுத்தது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கணக்கீடு ராக்கெட் தரையை விட்டு எழும்பிய பிறகு தேவையே இல்லாதது.

2012 ஆகஸ்டு 1-இல் அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிடலில் நடந்ததும் இதே சாதிதான். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். பல ஆண்டுகளாக யாரும் தொடாத பழைய நிரல் ஒன்று அதில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் குறியையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்ததால், அது விழித்துக்கொண்டு கேட்பாரின்றிப் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு.

இன்னொரு காரணியும் உண்டு, எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மேற்சொன்ன ஏழு வாரத்தில் இரண்டாவது வாரமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் வாராந்திர அறிக்கையில், எல்லாம் சரியாகப் போகிறது என்று காட்டும் பச்சை நிறத்தையே வைத்தேன். அடுத்த வாரமும் பச்சை. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்ற நப்பாசை. என் மேலாளர் அதை இன்னும் கொஞ்சம் மெருகேற்றி மேலே அனுப்பினார். சங்கத்தின் செயலருக்கு உண்மை தெரிந்தபோது திறப்பு விழாவுக்கு அழைப்பிதழே அச்சாகிவிட்டது. அன்று அவர் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. கெட்ட செய்தி உங்கள் குழுவிலிருந்து மேலே போக எத்தனை நாள் பிடிக்கும் என்பதையும் பட்டியலில் சேருங்கள். உங்கள் அலுவலக வார்ப்புருவில் அதற்கென்று கட்டம் இருக்காது.

இப்போதெல்லாம் பழைய தரவு என்று யாராவது சொன்னால் முதலில் பத்து வரி, நடுவில் பத்து, கடைசியில் பத்து என்று கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் நாள் கணக்குச் சொல்கிறேன். கொடுக்கச் சுணங்கினால், அந்தச் சுணக்கத்தையே பட்டியலின் முதல் வரியாக எழுதிவிடுகிறேன்.