ஐந்து மணிக்குக் கதவடைக்கும் ஊர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சென்ற மாதம் மனைவியுடன் முதன்முறையாக ஜப்பான் சென்று வந்தேன். டோக்கியோவில் வாயடைத்துப்போனேன். ஷின்ஜுகு நிலையத்தில் அத்தனை லட்சம் பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்கிறார்கள். தெருவில் குப்பைத் தொட்டியே கண்ணில் படவில்லை, குப்பையும் இல்லை. ஒழுங்கும் சுத்தமும் அவர்கள் ரத்தத்தில் ஊறியவை, நமக்கு ஏழு பிறவி எடுத்தாலும் வராது என்று மனைவியிடம் சொன்னேன்.

மலையூர்கள்தான் ஏமாற்றம். கிசோ பள்ளத்தாக்கில் மகோமேயிலிருந்து சுமாகோவுக்கு நடந்தோம். பாதை அழகுதான். ஆனால் சுமாகோ சினிமாவுக்குப் போட்ட செட் போல இருந்தது. ஐந்து மணிக்கு மேல் தேநீர் குடிக்கக்கூட ஒரு கடை திறந்திருக்கவில்லை. பார்வைக்கு வைத்த பழைய வீடு என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளித் திறந்தேன். உள்ளேயிருந்த முதியவர் இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டார். அன்று மாலையே நாகோயா திரும்பிவிட்டோம்.

அடுத்த ஆண்டு அம்மா அப்பாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இருவருக்கும் எழுபது வயது ஆகிவிட்டது, சைவம். நகரங்களோடு நிறுத்திக்கொள்ளலாமா, மலையூர் ஒன்றைச் சேர்க்கலாமா? ரயில் பாஸ் வாங்குவது லாபமா? ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்கிறார்களே, அதுபற்றித் தங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு முன்னால் வந்த கடிதங்கள் பல காத்திருக்க, இதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். ஒரு பழைய ஊர் பழைய ஊராகவே நீடிக்க வேண்டுமென்றால் அதற்கான உழைப்பையும் இழப்பையும் யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வி சில மாதங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நீங்கள் சுமாகோவைத் தொட்டுவிட்டீர்கள்.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஏழு நாள் ரயில் பாஸின் விலையை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்திவிட்டார்கள். டோக்கியோ, நாகோயா, கியோட்டோ என்று போய்த் திரும்புகிறவர்களுக்கு அது நஷ்டம். தனித்தனியே பயணச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொழி உறவைப் பொறுத்தவரை, சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழ் கற்று அந்தக் கருத்துக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உங்கள் பயணத்துக்கு அது எந்த வகையிலும் உதவாது, விட்டுவிடலாம்.

என்னை உறுத்தியது ரத்தத்தைப் பற்றிய அந்த ஒற்றை வரி. ஜப்பான் போய் வருகிற நம்மவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்கிறார்கள், அதுவும் பாராட்டு என்று நம்பிச் சொல்கிறார்கள். ஒரு சமூகம் பல ஆண்டுகள் தனக்குள் சண்டையிட்டு, விதி வகுத்து, நாள்தோறும் முதுகு வளைத்துச் செய்கிற வேலையைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், அந்தச் சண்டையைப் போட்டவர்களும் முதுகை வளைத்தவர்களும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். நமக்கு அது எந்தப் பிறவியிலும் வராது என்று கூடவே சேர்த்துக்கொள்ளும்போது, நம் தெருவைப் பற்றி நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற சலுகையையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். படித்த பிள்ளை நீங்கள், இப்படி எழுதலாமா?

நீங்கள் கண்டு வியந்த டோக்கியோ அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் எப்படி இருந்தது என்று தேடிப் பார்த்திருக்க வேண்டும். சுமிதா ஆற்றங்கரையில், ஷோகன்கள் என்ற ராணுவத் தலைவர்கள் ஆண்ட எடோ காலத்திலிருந்து நடந்துவந்த வாணவேடிக்கை விழா 1962 முதல் 1977 வரை நடக்கவில்லை. போக்குவரத்து நெரிசல் ஒரு காரணம். ஆறு சாக்கடையாகிவிட்டது மற்றொரு காரணம். நகரத்தின் குப்பையைக் கடலோரத்தில் கொட்டி மேடாக்கிய யுமேனோஷிமாவிலிருந்து 1965 கோடையில் ஈக்கள் மேகம் மேகமாகக் கிளம்பி கோட்டோ வட்டத்தின் வீடுகளிலும் பள்ளிகளிலும் மொய்த்தன. கடைசியில் எண்ணெய் ஊற்றி அந்த மேட்டுக்குத் தீ வைத்தார்கள். 1971-இல் டோக்கியோவின் ஆளுநர் மினோபே ரியோகிச்சி நகர மன்றத்தில் குப்பைப் போர் என்றே அறிவித்தார். ஊர்க் குப்பை முழுவதும் எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டுமா என்று கோட்டோ மக்கள் கேட்டார்கள். எங்கள் பகுதியில் குப்பை எரியூட்டு நிலையம் கட்டவே கூடாது என்று வசதி படைத்த சுகினாமி வட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. 1973 மே மாதம் கோட்டோக்காரர்கள் சாலையில் இறங்கி நின்று, சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அவரவர் வட்டத்துக் குப்பைக்கு அவரவரே பொறுப்பு என்ற கொள்கை இந்தத் தகராறில்தான் வலுப்பெற்றது. சுகினாமியில் எரியூட்டு நிலையம் செயல்படத் தொடங்குவதற்குள் எண்பதுகள் பிறந்துவிட்டன.

இவையெல்லாம் ரத்தத்தில் ஊறியிருந்தால் கோட்டோவில் ஏன் லாரியை மறிக்கப் போகிறார்கள்? தெருவில் தொட்டி இல்லாதது கண்டு வியந்தீர்கள். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பாதுகாப்புக் கருதிப் பெருவாரியான தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மக்கள் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே வகுப்பறையைத் துடைக்கிறார்கள். டோக்கியோ நிலையத்தில் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்து நின்றதும், வாசலில் வரிசையாக நின்று குனிந்து வணங்கிவிட்டு உள்ளே நுழையும் துப்புரவுப் பணியாளர்கள், ஏழு நிமிடத்தில் இருக்கைகளைத் திருப்பி, தலையணைத் துணியை மாற்றி, தரையைப் பெருக்கி இறங்கிவிடுகிறார்கள். நடைமேடையில் நிலைய ஊழியர் வெள்ளைக் கையுறை அணிந்த கையை நீட்டிச் சைகை விளக்கைச் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஆளில்லாத நேரத்திலும் அவர் அப்படித்தான் செய்கிறார். மனித மனம் தவறும் என்று தெரிந்துதான் கண்ணையும் கையையும் வாயையும் சேர்த்து வேலைக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

இனி சுமாகோ. எடோவுக்கும் (டோக்கியோவின் பழைய பெயர்) கியோட்டோவுக்கும் இடையே மலைகளின் வழியாகச் சென்ற நகாசெண்டோ சாலையில் வழிப்போக்கர்கள் தங்குவதற்கு 69 ஊர்கள் இருந்தன. நீங்கள் நடந்த மகோமேயும் சுமாகோவும் அவற்றில் இரண்டு. 1911-இல் கிசோ பள்ளத்தாக்கு வழியாக ரயில் முழுமையாக ஓடத் தொடங்கியதும் இந்தச் சாலையின் பிழைப்பு போயிற்று. சுமாகோவுக்கு ரயில் வரவில்லை. விடுதி நடத்தியவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், இளையவர்கள் நகரத்துக்குப் போனார்கள், வீடுகள் சாய்ந்தன. புதிதாக இடித்துக் கட்டப் பணம் இல்லாததால்தான் பழைய வீடுகள் அங்கே மிஞ்சின. அவற்றைச் செப்பனிடும் வேலை 1968-இல் தொடங்கியது. 1971-இல் ஊரார் கூடி, வீட்டையும் நிலத்தையும் காட்டையும் விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம் என்று சாசனம் எழுதிக்கொண்டார்கள்.

டோக்கியோவில் குப்பைப் போர் அறிவித்த அதே ஆண்டு. முக்கோணப் புல் கூரைகளுக்காக உலகம் முழுவதும் தெரிந்த ஷிரகாவா பகுதியின் ஓகிமாச்சி கிராமத்தாரும் அதே 1971-இல் அதே மூன்று உறுதிகளை எடுத்துக்கொண்டார்கள். அக்காலத்தில் நாட்டில் பணம் பெருகிக்கொண்டிருந்தது, நகரத்தார் பழைய ஊர்களைத் தேடிச் சுற்றுலா கிளம்பிக்கொண்டிருந்தார்கள், மலையூரில் ஒரு வீட்டை வாங்கிக் கடையாக்க யாருக்கும் ஆசை வரும். இடிக்க மாட்டோம் என்பது யாருக்கும் புரியும். வாடகைக்கு விட மாட்டோம் என்பதில்தான் அவர்களுடைய தொலைநோக்கு இருக்கிறது. கையில் காசில்லாத ஓர் ஊர், வெளியாள் தருகிற வாடகையை வேண்டாம் என்றது. வீடு கைமாறினால் சுவர் நிற்கும், குடியிருப்பவர்கள் போய்விடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மின்கம்பங்களைத் தெருவின் முகப்பிலிருந்து அகற்றினார்கள். பகலில் பெருந்தெருவில் கார் வரக்கூடாது என்று தங்களுக்கே தடை போட்டுக்கொண்டார்கள். 1976-இல் அரசு மரபுக் கட்டடப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்துப் பாதுகாக்கத் தொடங்கியபோது சுமாகோவும் ஓகிமாச்சியும் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றன; அரசுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஊர் முடிவெடுத்துவிட்டது.

இதைத்தான் நீங்கள் செட் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சுமாகோவில் நான் ஒரு சிறு குடும்ப விடுதியில் தங்கியிருக்கிறேன். பகல் கூட்டம் பேருந்தில் ஏறிப் போன பிறகு, வீட்டுக்கார மூதாட்டி சுவரோரப் பெட்டிக்குள்ளிருந்து மரப்பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பள்ளத்தில் வைத்து மறுமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். முதுகு நன்றாகக் கூனியிருந்தது. நான் உதவப் போனபோது சிரித்துக்கொண்டே கையசைத்து உட்காரச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு உப்புத் தடவிச் சுட்ட ஆற்று மீனும் மலைக்கீரைகளும் தட்டில் வந்தன. காலையில் எழுந்து பார்த்தால், தெருவைப் பார்த்த மரச் சட்டங்களை ஈரத்துணியால் ஒவ்வொரு கம்பியாக மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு முதல் பேருந்துக் கூட்டம் வந்து அந்தச் சட்டங்களைப் படம் எடுத்தது. துடைத்த கையை அவர்களில் எவரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் ஊரில் இருக்க வேண்டுமென்றால் முந்தின இரவு அங்கே தங்கியிருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு மேல் கடை இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். பகல் முழுவதும் ஊரை உங்களுக்குத் திறந்துவைத்தவர்கள் மாலையில் அதைத் தங்களுக்காக மூடிக்கொள்கிறார்கள். சோறாக்க வேண்டும், பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்ல வேண்டும், குளிக்க வேண்டும். நீங்கள் தள்ளித் திறந்தது அப்படியொரு வீட்டின் கதவு. பீளமேட்டில் உங்கள் வீட்டு வரவேற்பறையில் ஓர் அந்நியர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நுழைந்தால் உங்கள் அப்பா என்ன செய்வார்? அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கைகளைக் குறுக்காக வைப்பது ஜப்பானில் கூடாது என்பதற்கான சாதாரணச் சைகை; மொழி தெரியாத உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று காட்டியிருக்கிறார். நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டிருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

உங்கள் ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். 2024-இல் மட்டும் ஜப்பானுக்கு 3 கோடியே 68 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டினர் வந்தார்கள். அந்த ஆண்டுதான் கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையத் தடை விதித்து, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். ஃபுஜி மலையடிவாரத்தில் ஒரு கடையின் பின்னணியில் மலையைப் படமெடுக்கச் சாலையை அடைத்து நின்ற கூட்டத்தைத் தடுக்க, காட்சியையே மறைத்துப் பெரிய திரை கட்டினார்கள்.

இன்னொரு பக்கம் ஊர்கள் காலியாகின்றன. 2023-இன் அரசுக் கணக்கெடுப்பில் ஜப்பான் முழுவதும் ஆளில்லாத வீடுகள் ஏறத்தாழ 90 லட்சம். கிசோவில் ரயிலில் போகும்போது, புல் மண்டிய முற்றமும் சரிந்த ஓடுகளுமாகச் சில வீடுகளைச் சன்னல் வழியாகவே பார்க்கலாம். ஓகிமாச்சியில் ஒரு கூரையை மாற்றி வேய வேண்டுமென்றால் நூறு பேருக்கு மேல் சரிவில் ஏறி நிற்க வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த முறை வரும், இன்று உன் கூரைக்கு நான், நாளை என் கூரைக்கு நீ என்பதுதான் அவர்களுடைய ஏற்பாடு. இளைஞர்கள் குறையக் குறைய அந்த நூறு பேரைச் சேர்ப்பது கடினமாகிறது, கூலிக்கு ஆள் வைத்தால் செலவு மலைக்க வைக்கிறது. காய்ந்த புல் என்பதால் ஒரு பொறி பட்டால் போதும். இலையுதிர் காலத்தில் ஆண்டுதோறும் கிராமம் முழுவதும் நீர்ப்பீச்சிகளைத் திறந்து தீயணைப்புப் பயிற்சி செய்கிறார்கள்.

உங்கள் அம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலையூர் கட்டாயம் சேருங்கள், ஆனால் மகோமே வேண்டாம். அந்தக் கல் பாவிய ஏற்றம் எழுபது வயது முழங்காலுக்கு ஆகாது. நாகோயாவிலிருந்து ஹிடா விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் தகாயாமா போய்விடலாம். பழைய வீதிகள் சமதளத்தில் இருக்கின்றன, மியாகாவா ஆற்றங்கரையில் காலைச் சந்தை கூடுகிறது, அம்மாவுக்குக் காய்கறியும் ஊறுகாயும் விற்கும் பாட்டிமார்களைப் பிடிக்கும். பழைய உள்ளூர் அரசு அலுவலகமான ஜின்யாவையும் பாருங்கள். ஷோகன் ஆட்சியின் அத்தகைய அலுவலகங்களில் எஞ்சி நிற்பது அது ஒன்றுதான். ஏப்ரல் 14, 15 தேதிகளிலும் அக்டோபர் 9, 10 தேதிகளிலும் தேர்த்திருவிழா நடப்பதால் அறை கிடைப்பது கடினம், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பகல் பயணமாகப் போய்த் திரும்பாதீர்கள், இரண்டு இரவாவது தங்குங்கள். சைவம் என்பதை அறை பதிவு செய்யும்போதே ஜப்பானிய மொழியில் எழுதித் தெரிவித்துவிடுங்கள். உலர்த்திய மீனைச் சீவிக் காய்ச்சிய சாறு சூப்பிலும் காய்கறிக் கூட்டிலும் தொட்டுக்கொள்ளும் குழம்பிலும் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அன்றைய இரவு உணவுக்குக் காலையிலேயே வேலை தொடங்கிவிடுவதால், போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையலறையில் இருப்பவருக்கு மாற்றிச் செய்ய வழியிருக்காது.