வயது போன பூனை ஏன் கோப்பையை விட்டுத் திரும்புகிறது? – கேள்வி பதில்

பத்து வயது தாண்டிய பூனை வைத்திருப்பவர்கள் அதன் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மிருக வைத்தியர் இல்லை. கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் 22 வருடம் வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று பூனையையும் நாயையும் ஆட்டையும் பிடித்துக் கொடுத்தவள். வீட்டில் இப்போது மூன்று பூனைகள். மூத்தவளுக்கு 16 வயது.

கொக்குவில்: அக்கா, எங்கள் பூனைக்கு 13 வயது. சாப்பாடு வைத்தால் ஓடி வருகிறது, முகர்கிறது, திரும்பிப் போய்விடுகிறது. வயது போனால் பசி குறையும்தானே என்கிறார் அம்மா.

பசி இல்லாத பூனை ஓடி வராது, தங்கச்சி. வருகிறது என்றால் அதற்குப் பசி இருக்கிறது. சாப்பிட விடாமல் வேறு ஏதோ தடுக்கிறது. வாய் நோகலாம், அல்லது வயிற்றைப் பிரட்டலாம். இரண்டையும் நீங்களே ஓரளவு பிரித்து அறியலாம்.

நாளைக்கு மீன் வைத்துவிட்டு, அடுப்படி வாசலில் இருந்து பாருங்கள். வயிற்றைப் பிரட்டும் பூனை கோப்பைக்கு முன்னால் குந்தியிருந்து உதட்டை நக்கும். வாயில் ஒன்றும் இல்லாமலே இரண்டு தரம் விழுங்கும். பிறகு முகத்தைத் திருப்பும். சில பூனைகள் மலத்தை மண் போட்டு மூடுவது போல கோப்பையைச் சுற்றி நிலத்தைப் பிராண்டும். வாய் நோகிற பூனை அப்படி இல்லை. ஒரு துண்டை எடுக்கும், தலையை ஒரு பக்கம் சரித்து மெல்லும், துண்டு கீழே விழும், விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நிற்கும். சிலது கடித்த உடனே சீறிக்கொண்டு ஓடும். பூனைகளுக்குத் தங்கள் பல்லைத் தாங்களே கரைத்துக்கொள்ளும் ஒரு வருத்தம் வருவதுண்டு. முரசு ஓரத்தில் பல்லின் அடியில் சிவந்த புள்ளி போலத் தெரியும். தொட்டால் உயிர் போகிற நோ. அந்தப் பல்லைக் கழற்றிவிட்டால் பூனை பழையபடி சாப்பிடும். பல்லே இல்லாமல் சோறும் மீனும் நன்றாகச் சாப்பிடுகிற பூனைகளைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், "வயது போச்சு" என்பது ஒரு வருத்தத்தின் பெயர் இல்லை. இந்த ஒரு சொல்லை நம்பி மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்து, எலும்பும் தோலுமாகக் கொண்டுவந்த பூனைகள் எத்தனை.

கரவெட்டி: பிள்ளை, எங்கள் வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. கடுவன், 14 வயது. முந்தி இல்லாத பசி. குசினிக்குள் புகுந்து சட்டியைத் தட்டுகிறான். இரவெல்லாம் கத்துகிறான். ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. பூச்சி மருந்து கொடுத்தேன், மாற்றமில்லை.

ஐயா, நன்றாகச் சாப்பிடுகிறான்தானே என்று பேசாமல் இருக்கவேண்டாம். கூடச் சாப்பிட்டும் மெலிவதுதான் நான் அதிகம் பயப்படுகிற அடையாளம். வயது போன பூனையில் இதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள்.

ஒன்று தைரொய்ட் சுரப்பி கூடுதலாக வேலை செய்வது. பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைகளில் சாதாரணமாக வருகிறது. உடம்பு அடுப்பைக் கூட்டி வைத்தது போல எரித்துக்கொண்டே இருக்கும், போட்டது காணாது. இரவில் கத்துவது, ஓரிடத்தில் இராமல் அலைவது, நெஞ்சில் கை வைத்தால் எண்ண முடியாத வேகத்தில் அடிப்பது எல்லாம் இதோடு சேரும். இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும். குளிசையால் கட்டுப்படுத்தலாம்.

மற்றது சீனி வருத்தம். நலமடித்த (விதை எடுத்த), கொழுத்த கடுவன்களுக்கு அதிகம் வரும். தண்ணீர் கூடக் குடிக்கும், சலம் கூடப் போகும். கவனிக்காமல் விட்டால் பின்னங்கால் குதி நிலத்தில் படும்படி தாழ்ந்து நடக்கும். அப்படி நடக்கிறானா என்று இன்றைக்கே பாருங்கள்.

நீங்கள் சொன்ன கத்தலைப் பார்த்தால் எனக்கு முதலாவதில்தான் சந்தேகம். ஆனால் இரத்தம் பார்க்காமல் யாரும் குளிசை தரக்கூடாது.

நல்லூர்: கந்தசாமி கோயிலில் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மரக்கறிதான். முட்டையும் இல்லை. பூனை இளம் வயதில் வெளியே பிடித்துத் தின்றுவிடும். இப்போது 12 வயது, மதிலே ஏறாது. பருப்பும் சோறும் வைத்தால் முகர்ந்துவிட்டுப் படுக்கிறது. விரதத்தையும் விட முடியாது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை வெட்கப்படாமல் கேட்டதற்கு நன்றி. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இதே பிரச்சினை, ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பூனை விரதம் இருக்க முடியாத பிராணி. மாடு புல் தின்பது எப்படியோ அப்படித்தான் பூனைக்கு இறைச்சியும் மீனும். டோரின் என்று ஒரு சத்து இருக்கிறது. பூனையின் உடம்பால் அதைப் போதிய அளவு செய்துகொள்ள முடியாது, மரக்கறியிலும் அது கிடையாது. அது குறைந்தால் பூனையின் இதயம் தளர்ந்து வீங்கும் என்று 1987இல் கண்டுபிடித்தார்கள். பார்வையும் பாதிக்கும். 25 நாளில் அது நடந்துவிடாது. ஆனால் வயது போன பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடப்பதே ஆபத்து. ஏன் என்று கீழே இன்னொரு பதிலில் சொல்கிறேன்.

நீங்கள் மீன் சமைக்கத் தேவையில்லை. கடையில் விற்கும் பூனைச் சாப்பாட்டில் டோரின் சேர்த்திருப்பார்கள். கொடியேறுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அதை வழக்கமான சாப்பாட்டோடு ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று கலந்து பழக்குங்கள். கொடியேறிய அன்றைக்கே புதிதாக வைத்தால் வயது போன பூனை மறுக்கும். அதற்கென்று ஒரு சிரட்டையோ பழைய கோப்பையோ ஒதுக்கி, பின் விறாந்தையில் வையுங்கள். குசினிக்குள் கொண்டுபோகத் தேவையில்லை. வீட்டின் ஆசாரமும் கெடாது, பூனையும் பட்டினி கிடக்காது. என் மாமியார் கடைசி வரைக்கும் தேர், தீர்த்தம் தவறாமல் போனவர். வீட்டுப் பூனைக்குக் கிணற்றடியில் தன் கையாலேயே வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

பாசையூர்: எங்களுக்கு மீனுக்குக் குறைவில்லை. பூனைக்குப் பச்சைச் சூடைதான் தினமும். இப்போது இரண்டு கிழமையாக அதையே தொடுவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு தள்ளாடுகிறது.

தம்பி, இதை வாசித்த உடனே வெளிக்கிடுங்கள். தலையைத் தூக்க முடியாமல் நாடி நெஞ்சில் முட்டுகிறது மாதிரி இருந்தால் அது அவசரம். சூடை, சாளை இனத்து மீன்கள் பலவற்றில், பச்சையாக இருக்கும்போது விற்றமின் பி1ஐ அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. தினமும் அதை மட்டுமே தின்றால் முதலில் பசி போகும், பிறகு தள்ளாட்டம், கடைசியில் வலிப்பு. நேரத்துக்கு ஊசி போட்டால் தேறும். வேறு காரணங்களாலும் இப்படித் தலை குனியும், அதனால் நீங்கள் கொடுத்துவந்த மீனைப் பற்றி வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அவித்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். அவிக்கும்போது டோரின் தண்ணீரில் இறங்கும், ஆகவே அவித்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடேயே கொடுக்கவேண்டும். உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி ஒன்றும் போடக்கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும், எனவே மீன்சொதி மிச்சமும் வேண்டாம்.

மானிப்பாய்: சாப்பிடாவிட்டால் பாலாவது கொடுக்கலாமா?

வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செமிக்காது. வயிற்றோட்டம் போனால் இருக்கிற தெம்பும் போகும்.

ரொறன்ரோ: அம்மா சாவகச்சேரியில் தனியாக இருக்கிறார். அக்காவும் பிள்ளைகளும் வெளிநாடு போன பிறகு அவர்களுடைய பூனை இரண்டு நாளாகக் கட்டிலுக்குக் கீழேயே கிடக்கிறதாம். பெரிய பூனை, 7 கிலோ. கவலையில் சாப்பிடாமல் இருக்கிறது, தானே சரிவரும் என்கிறார் அம்மா.

கவலை என்பது உண்மையாக இருக்கலாம். பிள்ளைகள் போன வீட்டில் மனிதர்களுக்கே சாப்பாடு இறங்குவதில்லை. ஆனால் 7 கிலோ பூனை என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பயம்.

கொழுத்த பூனை சாப்பிடாமல் விட்டால், உடம்பில் இருக்கும் கொழுப்பு ஈரலுக்கு வந்து குவியும். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. ஈரல் கெட, சாப்பாட்டை இன்னும் வெறுக்கும், அதனால் இன்னும் கொழுப்பு வரும். சில நாளிலேயே காதின் உட்பக்கமும் முரசும் மஞ்சளாகிவிடும். அதற்குப் பிறகு குழாய் வைத்துக் கிழமைக்கணக்கில் ஊட்டித்தான் காப்பாற்றவேண்டி வரும். நாய் இரண்டு நாள் பட்டினி தாங்கும், பூனையை அப்படி எண்ணக்கூடாது. முழுதாக ஒரு நாள் ஒன்றும் தின்னாவிட்டால் வைத்தியரோடு பேசுங்கள், இரண்டாம் நாள் கட்டாயம் கொண்டு போங்கள். உங்கள் கணக்கில் அந்த இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது ஓட்டோ பிடித்து அம்மாவோடு அனுப்ப முடியுமா என்று இப்பவே கேளுங்கள்.

வைத்தியரிடம் காட்டிவிட்டு வந்த பிறகு, அக்காவின் பழைய சட்டை ஒன்று இருந்தால் பூனை படுக்கும் இடத்தில் போடச் சொல்லுங்கள். சாப்பாட்டைக் கட்டிலடிக்கே தள்ளி வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் பேசாமல் இருந்தாலே போதும்.

சுன்னாகம்: பூனை சுருண்டு கிடக்கிறது, உடம்பு சுடுகிறது. பனடோலில் கால் குளிசை கொடுக்கலாமா?

கூடாது. கால் குளிசையே பூனையைக் கொல்லும். பூனையின் உடம்பு சாதாரணமாகவே 38 முதல் 39 பாகை வரை இருக்கும், நம் கைக்குச் சுடத்தான் செய்யும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், அந்த நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு.

கைதடி: எங்கள் பூனை சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கிணற்றடித் தொட்டியில் எப்போது பார்த்தாலும் தண்ணீர் குடிக்கிறது. வெயிலுக்காக இருக்குமோ?

என் பூனை மணியும் இப்படித்தான் தொடங்கினாள். சித்திரை வெக்கை என்று நானும் நினைத்தேன். ஒரு நாள் கொட்டாவி விட்டபோது வாயில் ஒரு விதமான நாற்றம், சலம் மாதிரி. இரத்தம் பார்த்தபோது சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது. அலுவலகத்தில் மற்றவர்களின் பூனைகளில் தினமும் பார்த்ததை என் வீட்டில் காணத் தவறினேன். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சிறுநீரக வருத்தம் சத்தமில்லாமல் வரும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு) கூடித் தெரிவதற்குள் நான்கில் மூன்று பங்கு வேலை நின்றிருக்கும். அதற்கு முன் உங்கள் வீட்டில் தெரிகிற அடையாளம் தண்ணீர்தான். தொட்டியை மூடிவிட்டு, அளந்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வைத்து அடுத்த நாள் மிச்சத்தை அளந்து பாருங்கள். 4 கிலோ பூனை 200 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் கவனிக்கவேண்டும், 400 போனால் நிச்சயம் வருத்தம்தான். தண்ணீரை மட்டும் ஒருபோதும் மறிக்காதீர்கள். நேரத்தோடு கண்டால் சாப்பாட்டை மாற்றி, குமட்டலுக்கு மருந்து கொடுத்து, வருடக்கணக்கில் நன்றாக வைத்திருக்கலாம். மணி அதற்குப் பிறகும் இரண்டரை வருடம் என்னோடு இருந்தாள்.

உரும்பிராய்: மெலிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தினமும் பார்ப்பதால் தெரியவில்லை.

கண்ணை நம்பாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். தெரிந்த கடைக்காரரிடம் சாமான் நிறுக்கும் தராசு இருக்கும். பூனையைப் பிளாஸ்ரிக் கூடைக்குள் விட்டு நிறுத்து, கூடையைக் கழியுங்கள். மாதத்துக்கு ஒரு தரம், கலண்டரில் எழுதி வையுங்கள். 4 கிலோ பூனையில் 400 கிராம் இறங்குவது 60 கிலோ ஆள் 6 கிலோ இறங்கினது மாதிரி. அந்தக் கலண்டர் தாளைக் கிழித்து வைத்தியரிடம் கொண்டு போனால், நான் பார்த்தவரை, அவருக்கு அரைவாசி வேலை முடிந்தது.

காரைநகர்: அன்ரி, எங்கள் பூனைக்கு 17 வயது. கோப்பையில் வைத்தால் திரும்பியும் பார்க்காது. கையில் வைத்து நீட்டினால் சாப்பிடுகிறது. செல்லம் கூடிவிட்டது என்று வீட்டில் ஏசுகிறார்கள்.

செல்லம் இல்லை, பிள்ளை. பூனை நாக்கால் அறிவதைவிட மூக்கால்தான் சாப்பாட்டை அறிகிறது. வயது போக மூக்கு மங்கும். உங்கள் கைச்சூட்டில் மீன் மணக்கிறது, ஆறிய கோப்பையில் மணக்கவில்லை. கோப்பையைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இரண்டு நிமிடம் வைத்து, இளஞ்சூடாகக் கொடுத்துப் பாருங்கள். குளிரூட்டியிலிருந்து எடுத்தபடி வைக்கவேண்டாம்.

இன்னொன்று, குனிய நோகலாம். 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002இல் ஓர் ஆய்வு வந்தது. 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. பூனை நொண்டிக் காட்டாது, கோப்பைக்குக் குனிவதைத்தான் விடும். கோப்பைக்குக் கீழே ஒரு செங்கல்லை வையுங்கள். ஒரேயடியாகக் கொடுக்காமல் நாலைந்து தரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். அதற்கும் வராவிட்டால் முதல் கேள்விக்குச் சொன்னது போல வாயைப் பார்க்கவேண்டும். அதுவரை கையால் கொடுங்கள், யார் ஏசினாலும் பரவாயில்லை.