கிறிஸ்டல் மெதுவாகக் கிளம்புகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்து நானே போர்டு போட்டேன். ஆர்டிசிக்கான (சிப்பில் நேரம் கணக்கிடும் கடிகாரப் பகுதி) 32.768 கிலோஹெர்ட்ஸ் கிறிஸ்டல், அதாவது கிளாக் துடிப்பு தரும் குவார்ட்ஸ், ஓடத் தொடங்க ஏழெட்டு விநாடி ஆகிறது. சில போர்டில் ஓடுவதே இல்லை. கிறிஸ்டல் போலியா?

போலி என்று முடிவு கட்டுவதற்கு முன் அதன் லோடு கெப்பாசிட்டன்ஸைப் பாருங்கள், அதாவது சரியான வேகத்தில் ஓட அதன் இரு காலுக்கும் குறுக்கே இருக்க வேண்டிய கெப்பாசிட்டன்ஸ். கடையில் ‘வாட்ச் கிறிஸ்டல்’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் 12.5 பிகோஃபாரட் வகைதான் கைக்கு வரும். இந்தச் சிப்புக்கு அது ஆகாது. 12.5 போடவே கூடாது, 7 அல்லது அதற்குக் கீழேதான் போட வேண்டும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரிந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் வலு வோல்ட்டுக்கு 5 மைக்ரோஆம்பியர் அளவில்தான் இருக்கிறது. கிறிஸ்டலின் உள்தடை 70 கிலோஓம், அதன் சொந்த கெப்பாசிட்டன்ஸ் 1.5 பிகோஃபாரட் என்று வையுங்கள். 12.5 வகையை ஓட வைக்கக் குறைந்தபட்சம் 2.3 மைக்ரோஆம்பியர் வலு வேண்டும். 6 வகைக்கு 0.67 போதும். தேவையைப் போல ஐந்து மடங்காவது கையில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. முதல் வகையில் நமக்கு இருப்பது இரண்டு மடங்குதான். இரண்டாவதில் ஏழு மடங்குக்கு மேல்.

6 பிகோஃபாரட் கிறிஸ்டல் வாங்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டுவிடாதீர்கள். போர்டும் பின்னும் சேர்ந்து ஏறத்தாழ 3 கொடுக்கும். ஆறில் மூன்று போக மீதியை இரட்டித்தால் பக்கத்துக்கு 6 பிகோஃபாரட். அப்புறமும் இரண்டு மூன்று விநாடி ஆனால் கவலைப்பட வேண்டாம், இந்தச் சிப்பில் அது சகஜம். குளிரில் இன்னும் கூடும்.

ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர், 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல். பவர் கொடுத்தால் சில நேரம் புரோகிராம் ஏடாகூடமாக ஓடுகிறது. ரீசெட் அழுத்தினால் சரியாகிவிடுகிறது.

ஃபியூஸ் அமைப்பைப் பாருங்கள், அதாவது கிளாக் எப்படிக் கிளம்ப வேண்டும் என்று சிப்பில் எழுதி வைக்கும் செட்டிங். 258 சைக்கிள் காத்திருப்பு செராமிக் ரெசனேட்டருக்கானது. 16 மெகாஹெர்ட்ஸில் வெறும் 16 மைக்ரோவிநாடி. அதற்குள் கிறிஸ்டலின் அலை முழு உயரத்துக்கு வந்திருக்காது, பிராசசர் மட்டும் ஓடத் தொடங்கிவிடும். 16 ஆயிரம் சைக்கிளும் அதோடு 65 மில்லிவிநாடியும் உள்ள அமைப்புக்கு மாற்றுங்கள். மோட்டார், ரிலே பக்கத்தில் இருந்தால், கிறிஸ்டலை முழு வோல்டேஜ் வீச்சில் ஓட்டும் ‘ஃபுல் ஸ்விங்’ அமைப்பு நல்லது. 328பிபி சிப்பில் அது கிடையாது.

கிறிஸ்டல் காலில் ஆஸிலாஸ்கோப் புரோப் வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. சில போர்டில் நேர்மாறாக நடக்கிறது.

சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10எக்ஸ் புரோப் கூடப் பத்துப் பதினைந்து பிகோஃபாரட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் நீங்கள் பார்ப்பது உங்கள் சர்க்யூட்டை இல்லை, புரோப் சேர்ந்த வேறொரு சர்க்யூட்டை. வைத்தால் ஓடுகிறது என்றால் கெப்பாசிட்டர் பக்கம் ஏதோ கோளாறு. ஈயம் பிடிக்காத கால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளக்க வேண்டுமானால் கிளாக்கை வேறொரு பின்னில் வெளியே எடுத்து அங்கே அளந்து பாருங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் கிளம்பத் தாமதமாகிறது.

சால்டர் செய்யும்போது பயன்படுத்திய ஃப்ளக்ஸ் போர்டில் மிச்சம் இருக்கும். வாட்ச் கிறிஸ்டலைச் சுற்றி ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஈரம் குடித்த ஃப்ளக்ஸ் வழியாகக் கசிவது அதைத் திணறடிக்கப் போதும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி நன்றாகக் காய வையுங்கள். அல்ட்ராசானிக் தொட்டியில் மட்டும் போடாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய குவார்ட்ஸ் கவை உடைய வாய்ப்புண்டு.

உற்பத்திக்குக் கொடுப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

கிறிஸ்டலோடு தொடராக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து மதிப்பை ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு மதிப்பிலும் பவரை முழுதாக அணைத்துப் போட வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது தொடர்ந்து ஓடுவதும் புதிதாகக் கிளம்புவதும் ஒன்றல்ல. உள்தடையைப் போல ஐந்து மடங்கு ஏற்றியும் கிளம்பினால் தைரியமாகக் கொடுக்கலாம். 50 ஓம் கிறிஸ்டலுக்கு 250 ஓம். இதைக் குறைந்தபட்ச வோல்டேஜிலும், நீங்கள் சொல்லும் வெப்ப எல்லையின் இரு முனையிலும் செய்து பாருங்கள். மேஜையில் ஒரு போர்டு ஓடியதை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

ஸ்லீப்பில் இருந்து எழும்போது கிறிஸ்டலுக்காகக் காத்திருந்து பேட்டரி வீணாகிறது.

சிப்புக்குள்ளேயே இருக்கும், கிறிஸ்டல் தேவைப்படாத ஆர்சி ஆஸிலேட்டரில் எழுந்து வேலையைத் தொடங்குங்கள், கிறிஸ்டல் தயார் என்ற ஃபிளாக் வந்ததும் மாறிக்கொள்ளலாம். யுஎஸ்பி மாதிரி துல்லியம் கேட்கும் வேலை மட்டும் அதுவரை பொறுக்கட்டும்.