மத்திய ஆசியாவின் பண்டைய நாடான பாக்திரியாவில் கிரேக்கர் கட்டிய நகரம் எவ்வளவு தூரம் கிரேக்கமாக இருந்தது?

பாதிதான். வடக்கு ஆப்கானிஸ்தானில், ஆமூ தாரியாவோடு கோக்சா ஆறு கூடும் இடத்தில் இருக்கும் ஆய் கானூமையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் குழு 1964இல் தோண்டத் தொடங்கியது. உடற்பயிற்சிக்கூடம், நாடக அரங்கம், கொரிந்தியத் தூண்தலைகள் எல்லாம் கிரேக்கம். சுவரோ வெயிலில் காயவைத்த மண்செங்கல். கூரை தட்டை, விளிம்பில் மட்டும் ஒப்புக்குக் கிரேக்க ஓடு.

முக்கியக் கோயிலைச் சுற்றித் தூண்வரிசையே கிடையாது. வெளிச்சுவர் மெசப்பொத்தேமிய பாணியில் மாடம் மாடமாக உள்வாங்கியிருக்கும். உள்ளே இருந்த பெரிய சிலையில் மிஞ்சியது முக்கியமாக ஒரு பளிங்குப் பாதம். செருப்பில் இடிமின்னல் சின்னம். அநேகமாக இடிமின்னலுக்கு உரிய கிரேக்கக் கடவுள் ஜீயஸ். பளிங்கு அங்கே அரிது, அதனால் வெளியே தெரியும் கை கால்களுக்கு மட்டும் அதைப் போட்டிருக்கிறார்கள்.

எழுத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கிரேக்கப் புனிதத் தலமான டெல்ஃபியின் நீதிமொழிகளைக் கிளியார்கஸ் என்பவர் படியெடுத்து வந்து இங்கே கல்லில் நிறுத்தினார். கருவூலச் சாடிகளில் ஈரானியப் பெயருள்ள அலுவலர்களின் கணக்கும் கிரேக்கத்தில்தான்.